ஒன்றைக் கழித்து எழுதிய எண்கள்

திருப்புலிவனத்தில் என் தொழில் என்னவென்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சொல்லிப் பார்த்திருக்கிறேன். "சிப்புக்குள்ள ஓடுற லாஜிக்க எழுதுறேன்" என்றால் எதிர்வீட்டு அம்மாள், "அதான், டைப்பு அடிக்கிற. எவ்ளோ நேரந்தான் ஒக்காந்துக்கினே இருப்ப, இடுப்பு நோவாது?" என்பார். பால்காரர் என் வீட்டை 'கம்ப்யூட்டர் சென்டர்' என்று அடையாளம் சொல்லிவிட, ஒருமுறை பட்டா நகல் எடுக்க இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். "பிரிண்டர் இல்ல, ஒன்னும் இல்ல, போங்க" என்று கத்திவிட்டேன். மறுநாள் வரை வெட்கமாக இருந்தது. எனக்குக் கோபம் அப்படித்தான். சட்டென்று வரும், வந்த வேகத்தில் போகும், போன பிறகு நான் மட்டும் உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருப்பேன்.

வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். கொரோனா ஊரடங்கில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள சென்னையிலிருந்து இரண்டு பைகளோடு வந்தவள். அம்மா போய் மூன்று வருடமாகிறது. கம்பெனி திரும்பி வா என்று கூப்பிடவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. மாடி அறையில் இரண்டு மானிட்டர், ஒரு இன்வெர்ட்டர், ஜன்னலுக்கு வெளியே ஏரி. கரண்ட் போனால் தெருவே வெளியில் வந்து நின்று பேசும். எனக்கு இன்வெர்ட்டர் இருப்பதால் நான் மட்டும் உள்ளேயே இருப்பேன்.

பேசுவதற்கு ஒருத்தி இருந்தாள். நானும் அவளும் ஒரே நாளில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தோம். பன்னிரண்டு வருடம். அதில் பாதி, பக்கத்துப் பக்கத்து மேசை. மீதி, அவள் சென்னையில் தன் வீட்டிலிருந்து, நான் இங்கிருந்து. தினமும் காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவாள். ஐந்து நிமிடம் வேலை, மிச்சமெல்லாம் சண்டை. எனக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான் என்பதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சண்டைக்கு விஷயம் எப்போதும் ஒன்றே. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சிப்புக்குள் போகிற லாஜிக்கை யாரும் முழுக்கப் புதிதாக எழுதுவதில்லை. கூட்டுவதற்கு, பெருக்குவதற்கு, வந்ததைச் சற்று நேரம் பிடித்து வைத்திருப்பதற்கு என்று தனித்தனி மாட்யூல்கள் தயாராக இருக்கும். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று எண்களை மட்டும் நாம் கொடுத்தால் அது அந்த அளவுக்குத் தன்னை அமைத்துக்கொள்ளும். இதில் இரண்டு வகை. சிப் விற்கிற கம்பெனி தன் சிப்புக்கென்றே செய்து தருவது ஒன்று. எவன் சிப்பிலும் ஓடும்படி பொதுவான முறையில் எழுதியது இன்னொன்று. முதல் வகை, போர்வெல் மோட்டாரோடு அந்தக் கம்பெனியே கொடுக்கிற கப்ளிங் மாதிரி. கச்சிதமாக உட்காரும், சொட்டு ஒழுகாது, மோட்டாரை மாற்றினால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டாவது, உத்திரமேரூர் பஜாரில் எந்தக் கடையிலும் கிடைக்கிற இரண்டு இன்ச் பைப்.

நான் கம்பெனி மாட்யூல் கட்சி. அவள் பொது மாட்யூல் கட்சி.

"ஏன்டி, அவன் சிப்பு அவன விட உனக்கு நல்லா தெரியுமா? அவன் குடுத்தத போட்டா பாதி இடத்துல வேலை முடியுது" என்பேன்.

"முடியும். நாளைக்கு அவன் அந்த சிப்பையே நிறுத்திட்டான்னா என்ன பண்ணுவ?"

"நிறுத்தும்போது பாத்துக்கலாம், போடீ."

"உனக்கு அவன் மேல அப்படி என்னதான் லவ்வோ" என்று சிரிப்பாள்.

அவள் எழுதுகிற ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது ஏன் அந்த எண் என்று ஒரு வரி விளக்கம் எழுதுவாள். எனக்கு அதைக் கண்டால் எரிச்சல். "இட்லி மாவுல ஏன் உளுந்துன்னு கூட எழுதுவ நீ" என்று கிண்டல் செய்வேன். என் வேலையை அவள்தான் சரிபார்ப்பாள், அவள் வேலையை நான். அவள் என்னுடைய எதையும் ஒரே தடவையில் விட்டதில்லை. இருபது குறை எழுதி அனுப்புவாள், நான் பதினைந்துக்குச் சண்டை போடுவேன், கடைசியில் பதினெட்டைத் திருத்துவேன். போனை வைத்த பிறகு மறுநாள் பதினொரு மணி வரை, கடையில் "அரை கிலோ தக்காளி" என்பதைத் தவிர வாய் திறக்காத நாட்கள் நிறைய உண்டு.

நாங்கள் செய்வது அரிசி ஆலைக்கான கலர் சார்ட்டர், கெட்டுக் கறுத்த அரிசியைப் பிரிக்கிற மெஷின். அரிசி மேலேயிருந்து சரிவில் வழுக்கி விழும். விழும்போது கேமரா ஒவ்வொரு வரியாகப் படம் பிடிக்கும், ஒரு நொடியில் பல ஆயிரம் வரிகள். கருப்பு அரிசி தெரிந்தால் ஒரு சாண் கீழே இருக்கிற காற்றுக் குழாய் சரியான நேரத்தில் 'புஸ்' என்று ஊதி அதை மட்டும் வெளியே தள்ளும். கேமராவைத் தாண்டிய அரிசி குழாய்க்கு முன்னால் வந்து சேர ஒரு கணம் ஆகுமல்லவா, அதுவரை 'இது கருப்பு' என்ற செய்தியைப் பிடித்து வைத்திருப்பது என் வேலை. எட்டு மாட்யூல்களை வரிசையாகக் கோத்து அதைச் செய்திருந்தேன். எல்லாம் கம்பெனி மாட்யூல். அந்த மாட்யூலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாம் சொன்ன வரிகளுக்கு மேல் ஒரு வரியைத் தன் வயிற்றுக்குள் சொல்லாமல் வைத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏக சந்தோஷம். எட்டிலும் எண்ணை ஒன்று குறைத்துப் போட்டேன். நாற்பது வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது. ஏன் என்று எழுதி வைக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே, எதற்கு எழுதுவது என்ற திமிர்.

அப்புறம் அவள் சொன்னதே நடந்தது. சிப் கம்பெனி எங்கள் சிப்பை நிறுத்துவதாகக் கடிதம் அனுப்பியது. வேறு கம்பெனி சிப்புக்கு மாறியே ஆக வேண்டும். மூன்று வருடமாக அவள் சனிக்கிழமைகளில் தனியாக எழுதிச் சேர்த்து வைத்திருந்த பொது மாட்யூல்களின் தொகுப்பை, கம்பெனி முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தது. "இது சரியா ஓடினா இனிமே எல்லா மெஷினுக்கும் இதுதான்" என்றார் மேனேஜர். "ஓடலன்னா இதுல இனிமே நேரம் செலவு பண்ண முடியாது, பாத்துக்கோங்க" என்றும் சொன்னார். அன்றைக்கு அவள் குரலில் இருந்த துள்ளலை நான் மறக்கவில்லை. "மூணு வருஷம்டீ, மூணு வருஷம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறு கொஞ்சம் எரியவும் செய்தது. பொய் சொல்வானேன்.

என் பங்கு, என்னுடைய எட்டு மாட்யூல்களையும் அவள் தொகுப்புக்கு மாற்றுவது. ஒரே காலைப்பொழுதில் முடித்துவிட்டேன். பெயரை மாற்றினேன், எண்களை அப்படியே எடுத்து வைத்தேன். அவள் சரிபார்த்தாள். எண்கள் பழையபடியே இருந்ததால் அவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சோதனைக்கூடத்தில் பட்டாணியைக் கொட்டி ஓட்டினார்கள். எங்கள் கூடத்தில் எப்போதும் பட்டாணிதான், கீழே சிந்தினால் பொறுக்குவது சுலபம். பட்டாணி குண்டு, எங்கே ஊதினாலும் அடி விழும். மெஷின் பிரமாதமாக ஓடியதாகச் செய்தி வந்தது.

முதல் மெஷினை உத்திரமேரூர் போகிற சாலையில் இருக்கிற ஒரு ஆலைக்கு அனுப்பினார்கள். நான் பக்கத்தில் இருப்பதால் என்னையே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். ஸ்கூட்டியில் போனேன். புழுங்கல் நெல்லின் ஆவி வாசனை கேட்டிலேயே வந்தது. மாடியில் புது மெஷின் நின்றது. நல்ல அரிசி ஒரு குழாயில், கழிவு ஒரு குழாயில்.

கழிவுக் குழாய்க்குக் கீழே ஓர் அக்கா முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பிலிருந்து கூலி வேலைக்கு வருகிறவர். பழைய மெஷின் வருவதற்கும் முன்பு, கையால் கருப்பு பொறுக்கியவர்களில் அவரும் ஒருவராம். இப்போது களத்தில் நெல் கிளறுகிறார், சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்து மெஷினை வேடிக்கை பார்க்கிறார்.

"யம்மா, இது ஒங்க மெசினா?" என்றார்.

"ஆமாக்கா."

"நல்ல அரிசியத்தான் துப்பிக்கினு கீது. கர்ப்பு பாட்டுக்கு அந்தாண்ட போவுது."

முறத்தை நீட்டினார். வெள்ளை வெளேரென்று நல்ல அரிசி. நடுநடுவே ஒன்றிரண்டு கருப்பு. எனக்குச் சுருக்கென்றது.

"கண்டபடி அடிக்கலம்மா அது. கர்ப்புக்கு முன்னாடி போவுது பாரு, அத்தத்தான் அடிக்குது. நான் நேத்தே புடிச்சி பாத்துக்கினு கீறேன். ஒரு அரிசி முந்திக்குது."

முந்திக்குது. அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் மாட்யூல் நேர்மையானது. வயிற்றுக்குள் எதையும் மறைத்து வைக்காது. நாற்பது என்றால் நாற்பது, முப்பத்தொன்பது என்றால் முப்பத்தொன்பது. நான் ஒன்றைக் கழித்து எழுதிய எண்களை அப்படியே அதற்குக் கொடுத்திருக்கிறேன். எட்டு மாட்யூலுக்கு எட்டு வரி. எட்டு வரி என்பது கிட்டத்தட்ட அரை அரிசி நீளம். காற்று அவ்வளவு முன்னால் ஊதுகிறது.

ஆலை முதலாளி படியேறி வந்தார். "இன்னாம்மா இது பேஜாரு? பயைய மெசினே தேவல போல கீதே" என்று ஆரம்பித்தார். அதற்குள் மேனேஜர் போனில் கூப்பிட்டுவிட்டார். முதலாளி அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டார் போலிருக்கிறது.

"என்னம்மா ஆச்சு? என்ன ப்ராப்ளம்?"

என் தப்பு என்று சொல்ல இரண்டு நொடி போதும். வாயில் வந்தது வேறு.

"புது தொகுப்புல ஏதோ டைமிங் பிரச்சினை மாதிரி தெரியுது சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். முதலாளி முன்னால் நின்றார் என்பது ஒரு காரணம். பன்னிரண்டு வருடச் சண்டையில் ஒரு தடவையாவது அவள் தோற்கட்டுமே என்ற அற்ப ஆசை இன்னொரு காரணம். ஆம், அதுதான் பெரிய காரணம். போனை வைத்ததும் முதலாளி காப்பி வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் கூப்பிட்டாள். சண்டை இல்லை, சிரிப்பு இல்லை.

"எட்டு வரி எங்கடி போச்சு? நானும் பாத்துட்டேன், என் மாட்யூல் ஒவ்வொன்னா ஓட்டிப் பாத்துட்டேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு. சேத்து வச்சா மட்டும் எட்டு வரி காணோம்."

"என் எண்களப் பாத்தியா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டால் அவளே கண்டுபிடித்துவிடுவாள், நான் சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை.

"அத நான் ஏன் பாக்கணும்? அது நீ போட்டது. வருஷக்கணக்கா ஓடிட்டிருக்கு."

இரண்டாம் நாளும் தேடினாள். மூன்றாம் நாளும் தேடினாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தான் எழுதிய புரோகிராமை வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதியிருந்த 'ஏன்' என்பதையும் சேர்த்துப் படித்தாள். அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. "ம், சரி, ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போதும் என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது. மூன்றாம் நாள் நடுவில் நிறுத்தி, "எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சுடீ. இத்தன வருஷம் உன்கிட்ட வாய் கிழியப் பேசினேன், கடைசில நீ சொன்னதுதான் சரி போலருக்கு" என்றாள்.

நான் எதற்குக் காத்திருந்தேனோ அந்த வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

மேனேஜர் வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருந்தார். சரியாகாவிட்டால் பழைய சிப்பையே வெளிச் சந்தையில் தேடி வாங்கிக்கொள்வது, தொகுப்பை மூடிவிடுவது, அவளை மெஷின்களுக்குக் கையேடு எழுதுகிற பிரிவுக்கு மாற்றுவது என்று பேச்சு. அவளே சொன்னாள். "கையேடு எழுதறதும் வேலைதான், என்ன இப்போ" என்று சொன்னாள். அவள் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிட்டபோது குரல் தெளிந்திருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்டி. என் மாட்யூலுக்குள்ள ஒரு வரி கூடுதலா பிடிச்சு வச்சா எல்லாம் சரியாகுது. எட்டுலயும். உள்ளயே போட்டுட்டேன்."

"ஏன் கூடுதலா ஒன்னு வேணும்?"

"ஏன்னு தெரியல. ஆனா சரியாகுது. பக்கத்துல அப்படியே எழுதிட்டேன், ஏன்னு தெரியல ஆனா வேணும்னு."

அவளா இது? இட்லிக்கு உளுந்து ஏன் என்று எழுதுகிறவள். என் ஒரு பொய்க்காக, தன் நேர்மையான மாட்யூலின் வயிற்றுக்குள் காரணம் தெரியாத ஒரு வரியைப் புதைக்கிறாள். அதை இனிமேல் எடுத்துப் பயன்படுத்துகிற ஒவ்வொருவனும் அந்த ஒரு வரியைத் தெரியாமல் சுமப்பான். என் சிப் கம்பெனிக்காரன் செய்ததையே என் பொருட்டு அவளும் செய்துவிட்டாள்.

"போடாத. எடுத்துடு" என்றேன்.

"ஏன்? வேலை செய்யுதே."

"தப்பு உன்னோடது இல்ல. என்னோடது. பழைய மாட்யூல் ஒரு வரி கூட வச்சுக்கும். அதுக்காக எட்டுலயும் ஒன்னு கழிச்சுப் போட்டிருந்தேன். எழுதி வைக்கல. அப்படியே உன் மாட்யூலுக்குக் கொண்டாந்துட்டேன்."

அவள் வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது கேட்டது.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

இதற்கும் ஒரு பொய் தயாராக இருந்தது. இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"மில்லுல. முதல் நாளே."

"திங்கக்கிழம."

"ஆமா."

"நான் தேடிட்டிருந்தப்ப எல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சரி" என்றாள். "எண்களத் திருத்தி அனுப்பு. நான் உள்ள போட்டத எடுத்துடறேன்." போனை வைத்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் கத்தத் தெரியும், அழத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றைக்கே மேனேஜருக்கும் குழுவில் இருந்த எல்லோருக்கும் எழுதினேன். தப்பு முழுக்க என்னுடையது, தொகுப்பில் எந்தக் குறையும் இல்லை, எனக்கு முதல் நாளே தெரிந்தும் மறைத்தேன் என்று எழுதினேன். எட்டு எண்களையும் திருத்தி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் என்று விவரமாக எழுதினேன். வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். மேனேஜர், "சரிம்மா, சரியாச்சுல்ல, விடுங்க, அடுத்தத பாப்போம்" என்று ஒரு வரி பதில் போட்டார். அவருக்கு மெஷின் ஓடினால் போதும். சனிக்கிழமை ஆலைக்குப் போய்த் திருத்திய புரோகிராமை மெஷினில் ஏற்றினேன். கழிவுக் குழாயில் கருகருவென்று கருப்பு மட்டும் கொட்டியது.

அந்த அக்கா முறத்தில் ஒரு கை ஏந்திப் பார்த்து, "இப்பதான் கண்ணு தெரியுது அதுக்கு" என்று சிரித்தார். "நீ ஏம்மா மூஞ்ச இப்டி வச்சினு கீற? சரியாத்தான ஆயிடுச்சி? நாஷ்டா துன்னியா?"

"துன்னுட்டேன்க்கா" என்று பொய் சொன்னேன். அவருக்கு அது பொய் என்று தெரிந்துவிட்டது. மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கையில் திணித்தார். அந்த நாலைந்து நாளில் எனக்கென்று ஒருவர் செய்த ஒரே காரியம் அது. ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, வயல் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டே தின்றேன்.

அவளுடைய தொகுப்பு இப்போது எல்லா மெஷினிலும் இருக்கிறது. அவளைக் கையேட்டுப் பிரிவுக்கு மாற்றவில்லை. தொகுப்புக்குப் பொறுப்பாளராகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். வாழ்த்து அனுப்பினேன். 'நன்றி' என்று வந்தது. பதினொரு மணிக்குப் போன் வரவில்லை. நானாகக் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது. அடுத்த நாளும் கூப்பிட்டேன், அன்றைக்கும் மீட்டிங். மூன்றாவது நாள் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். 'பரவாயில்லை, விடு' என்று பதில் வந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன பேசுவது, சொல்லுங்கள்.

ஆறு மாதம் ஆயிற்று. என் வேலையைச் சரிபார்ப்பது இன்னும் அவள்தான். அதை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. நான் அனுப்புவேன், அவள் 'சரி' என்று திருப்பி அனுப்புவாள். நானும் இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஏன் என்று எழுதுகிறேன், அதனால் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். குறை சொல்லாவிட்டால் பேச்சும் இல்லை.

போன வாரம் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். புதிதாக ஒரு பெருக்கல் மாட்யூல் போட வேண்டியிருந்தது. அவள் தொகுப்பில் அருமையான ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு, வேண்டுமென்றே, சிப் கம்பெனியின் மாட்யூலை எடுத்து நேரடியாகச் சொருகினேன். அகலத்துக்குப் பொருந்தாத ஓர் எண்ணைப் போட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளுக்குப் பிடிக்காத எல்லாமும் அந்தப் பத்து வரியில் இருந்தது. பழைய ஆளாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் போனைப் போட்டு, "ஏய் அறிவு கெட்டவளே, உனக்கு எத்தன தடவ சொல்றது" என்று ஆரம்பித்திருப்பாள். அதைக் கேட்கத்தான் அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் போனை மேசையின் மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது, போனில் அல்ல, திரையில். திறந்து பார்த்தேன். கம்பெனி மாட்யூலை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்திருந்தாள். எண்ணைத் திருத்தியிருந்தாள். நான் எழுதாமல் விட்ட காரணத்தை, என் இடத்தில், எனக்காக அவளே ஒரு வரியில் எழுதியிருந்தாள். குறைகளைச் சொல்லி எனக்கென்று எழுதுகிற இடம் காலியாக இருந்தது. கீழே 'சரி' என்று குறித்திருந்தாள்.